தூரிகையும் சூத்திரமும்

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் காலத்திலே சுவர் ஒன்று, சித்திரம் ஒன்று. எழுதிய அளவிலேயே அது நின்று நிலைத்தது. இற்றைநாள் ஓவியருக்கோ அந்த நிம்மதி இல்லை. கணினித் திரையிலே அவர் எழுதும் சின்னமொன்று காலையில் முகவரிச் சீட்டிலே விரல்நக அளவாகவும், மாலையில் நாற்சந்திப் பதாகையிலே ஆளுயர அளவாகவும் தோன்றவேண்டியிருக்கின்றது. சுவரின் அளவு நாளுக்கொன்றாய் மாறும்போது சித்திரம் என் செய்யும்?

பாடசாலை விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாட்களில் மாணவர் பலர் இவ்வினாவை நேருக்கு நேர் சந்திக்கின்றனர். தம் இல்லத்துச் சின்னத்தைக் கணினியிலுள்ள தூரிகைக் கருவியால் ஆசையோடு எழுதுகின்றனர். மை தோய்ந்த தூரிகை தாளில் ஓடினாற்போலத் தொடக்கத்தில் தடித்தும், முடிவில் இழை இழையாகப் பிரிந்தும் அக்கோடுகள் உயிரோடு நிற்கின்றன. அதனையே பத்தடிப் பதாகையாக அச்சிட்டு விரித்ததும் முகம் வாடுகின்றது. வளைந்த கோடெல்லாம் படிக்கட்டாகிவிட்டது. மெல்லிய இழைகளெல்லாம் மங்கிய கறையாகிவிட்டன. அச்சகத்தாரை நோவதிற் பயனில்லை. சித்திரம் கணினியினுள்ளே எவ்வடிவில் இருந்தது என்பதிலேயே குறை தங்கியிருக்கின்றது.

தூரிகையின் உயிர் கெடாமலும், எந்த அளவுக்கும் விரியக்கூடியதாகவும் ஒரு கோட்டை ஆக்க முடியுமா? முடியும். ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை எதிலே கொடுப்பது என்று தீர்மானிக்கவேண்டியவர் ஓவியரேயன்றிக் கணினியன்று. அதனைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

முத்திரை குத்தும் தூரிகை

கணினித் திரையைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால், அது சின்னஞ்சிறு சதுரங்களின் நிரையாகத் தோன்றும். பிக்செல் எனப்படும் படப்புள்ளி இதுவே. அமெரிக்காவிலே செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் றிச்சர்ட் ஷூப் என்பார் 1973ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய சூப்பர்பெயின்ற் என்னும் அமைப்பும், நோல் சகோதரர் ஆக்கி 1990ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோசொப் என்னும் மென்பொருளும் இப்புள்ளிகளுக்கு வண்ணமிடுவதையே ஓவியக் கலையாக்கின.

இத்தகைய மென்பொருளில் தூரிகை என்பது உண்மையில் ஒரு முத்திரை. சிறியதொரு மைக்கறையின் படத்தை, கை செல்லும் வழியெல்லாம் கணினி நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகின்றது. குத்துகளின் இடைவெளி மிகக் குறுகியதாதலால் அது ஒரே இழுப்பாக நம் கண்ணுக்குப் படுகின்றது. பேனாவை அழுத்தினால் முத்திரை பெரிதாகும். தளர்த்தினாற் சிறிதாகும், அல்லது மங்கும்.

முடிவில் எஞ்சுவது எந்தச் சதுரத்தில் எந்த வண்ணம் என்னும் கணக்கு மட்டுமே. ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்பினால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508, ஆகமொத்தம் ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். இவ்வளவு பெரிய கணக்கினுள்ளே 'இது ஒரு கோடு' என்னும் செய்தி எங்கும் இல்லை. ஆகவே, படத்தை நீளத்திலும் அகலத்திலும் பத்து மடங்காக விரிக்கும்போது, ஒரு புள்ளி இருந்த இடத்தை நூறு புள்ளிகளால் நிரப்பவேண்டியதாகின்றது. அந்நூற்றுக்கும் வண்ணம் எங்கிருந்து வரும்? பழைய ஒன்றையே பரப்பினால் படிக்கட்டு. அயலோடு கலந்து ஊகித்தால் மங்கல். இரண்டிலொன்று நேர்வது திண்ணம்.

நான்கு புள்ளிகளின் சாமர்த்தியம்

பௌதிகம் கற்கும் மாணவர் காவி என்னும் சொல்லை அறிவர். பருமனும் திசையும் உடைய கணியம் அது. சதுரங்களை வண்ணத்தால் நிரப்புவதை விடுத்து, 'இவ்விடத்திற் புறப்பட்டு, இத்திசையில் வளைந்து, இவ்விடத்தைச் சேர்க' என்று கோட்டின் நெறியை எண்களாற் சொல்லிவைக்கும் படத்துக்குக் காவி வரைபு என்று பெயர். கணினித் தொழிலோர் வெக்டர் என வழங்குவது இதனையே.

இம்முறைக்கு அடிப்படையான வளையியைத் தந்தவை மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் என்பது வியப்பான செய்தி. பிரான்சு நாட்டிலே சித்ரோவன் நிறுவனத்திற் பணியாற்றிய கணித அறிஞர் போல் த காஸ்தெல்ஜோ 1959ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். நிறுவனம் அதனைத் தொழில் இரகசியமாகப் பேணியது. போட்டி நிறுவனமாகிய ரெனோவில் இருந்த பொறியியலாளர் பியெர் பெசியே, தாமாகவே அதே வளையியை அடைந்து, 1960களில் உலகறியச் செய்தார். அதனால் அது பெசியே வளையி எனப் பெயர்பெற்றது. வண்டியின் உடலழகை வெறும் கண்மதிப்பால் அன்றி எண்ணாற் குறிக்கவேண்டும் என்பதே இருவரின் நோக்கமுமாக இருந்தது.

இவ்வளையியை வரைய உயர்கணிதம் வேண்டியதில்லை. வரைபுத்தாளும் அடிமட்டமும் போதும். (0,0), (0,4), (8,4), (8,0) என்னும் நான்கு புள்ளிகளைக் குறித்து, அவற்றை முறையே அ, ஆ, இ, ஈ எனக் கொள்க. வளையி அ-வில் தொடங்கி ஈ-யில் முடியும். ஆ-வும் இ-யும் வளையியின்மேல் இரா. காந்தம் இரும்பை இழுப்பதுபோல அதனைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டு எட்ட நிற்கும். இனி, அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்து நடுப்புள்ளிகளைக் காண்க: (0,2), (4,4), (8,2). இம்மூன்றையும் இணைத்து மீண்டும் நடுப்புள்ளிகளைக் காண்க: (2,3), (6,3). இவ்விரண்டின் நடுப்புள்ளி (4,3). இதுவே வளையியின் நடுவிடம். நடுவிலே வெட்டியதுபோலக் காற்பங்கிலும் முக்காற்பங்கிலும் வெட்டிக்கொண்டே சென்றால், வளையி முழுவதும் தாளில் எழுந்து நிற்கும்.

இப்போது நான்கு புள்ளிகளின் எண்களையும் இரட்டியுங்கள்: (0,0), (0,8), (16,8), (16,0). முன்போலவே வெட்டினால் நடுவிடம் (8,6) என வரும். வடிவம் சிறிதும் சிதையாமல் இருமடங்காகிவிட்டது. ஆயிரம் மடங்காக்கினும் கதை இதுவே. எட்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டிய அளவில் வேண்டியபோது கோட்டைப் புதிதாக வரைந்துகொள்கின்றது கணினி. விரியும் தன்மையின் மருமம் இவ்வளவே.

எனினும், இச்சூத்திரத்துக்கும் எட்டாதது உண்டு. நான்கு பெசியே வளையிகளைச் சேர்த்து வட்டம் ஆக்குவது வழக்கம். அவ்வாறு ஆகும் வட்டம் உண்மை வட்டத்திலிருந்து ஆரையின் பத்தாயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு விலகியே நிற்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆயினும், சூத்திரம் தருவது பொருளையே அன்று, பொருளுக்கு மிக அணித்தான ஒன்றை என்பதை மாணவர் உள்ளத்தில் இருத்துதல் நன்று. தூரிகை விடயத்தில் அது பெரிதும் உதவும்.

ஜோன் வோர்னொக், சார்ள்ஸ் கெஷ்கி என்னும் இருவர் 1982ஆம் ஆண்டில் நிறுவிய அடோபி நிறுவனம், பெசியே வளையிகளைக் கொண்டே 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழியையும், 1987இல் இலஸ்ட்ரேற்றர் என்னும் வரைமென்பொருளையும் தந்தது. 2001இல் எஸ்.வி.ஜி. என்னும் பொதுவான காவி வரைபு முறை இணைய உலகுக்கு வந்தது. அந்தக் கோப்பொன்றைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்தால், உள்ளே இருப்பவை எழுத்தும் எண்ணுமே என்பதை எந்த மாணவனும் கண்டுகொள்ளலாம். நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இவ்வெழுத்துகளும் அத்தகைய வளையிகளின் புறக்கோட்டால் ஆகியவையே.

கரையைத் தேடிச் செல்லும் கணினி

புள்ளிகளாற் கிடக்கும் தூரிகைக் கோட்டினை இனிச் சூத்திரமாக்குவது எப்படி? இதற்குப் பல மென்பொருள்கள் உள. இலஸ்ட்ரேற்றரில் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இவ்வசதி சிறந்த முறையில் அமைந்து, 2012இல் புதுக்கப்பட்டது. விலைகொடாமற் பெறக்கூடிய இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளோ, பீற்றர் செலிஞ்சர் என்னும் கணித அறிஞர் 2001ஆம் ஆண்டில் ஆக்கிய பொட்ரேஸ் என்னும் முறையைப் பயன்படுத்துகின்றது. அது செய்யும் வேலையைக் காண்போம்.

முதலிற் படம் கருப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறமாக்கப்படுகின்றது. பின்னர், கருமையும் வெண்மையும் சந்திக்கும் கரையைப் பற்றிக்கொண்டு, குளத்தைச் சுற்றி வரம்பில் நடப்பவன்போலக் கணினி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே மீளுகின்றது. இப்பாதை வெறும் படிக்கட்டு. அடுத்து, அப்படிக்கட்டுக்கு மிக அணித்தாகச் செல்லும் நேர்கோடுகளாலான பல்கோணி ஒன்றைத் தேர்கின்றது. மூன்றாவதாக, அப்பல்கோணியின் ஒவ்வொரு முனையிலும் நின்று, 'இது கூராகவே இருக்கவேண்டிய மூலையா, மெல்ல வளையவேண்டிய திருப்பமா?' என்று ஆராய்ந்து, மூலையை மூலையாக விட்டு, திருப்பத்தைப் பெசியே வளையியாக்குகின்றது. ஈற்றில், ஒன்றாக்கத்தக்க சிறு வளையிகளை இணைத்துச் சுருக்குகின்றது.

இங்கே இரண்டு அளவுகளை மனிதர் குறித்துக்கொடுக்கலாம். எத்தனை புள்ளிக்குட்பட்ட கறைகளைக் குப்பையென்று தள்ளுவது என்பது ஒன்று. எவ்வளவு கூர்மையை மூலையென்று கொள்வது என்பது மற்றொன்று. தூரிகையின் தலைவிதி இவ்விரண்டிலுமே பெரும்பாலும் அடங்கியிருக்கின்றது.

மாசா, மணியா?

காய்ந்த தூரிகையை வேகமாக இழுத்தால், கோட்டின் நடுவே தாளின் வெண்மை கீற்றுக்கீற்றாகத் தெரியும். ஓரத்திலே மைத்துளிகள் சிதறும். அத்துளி மாசா, மணியா? கணினிக்குத் தெரியாது. அது அறிந்ததெல்லாம் துளியின் பரப்பு மட்டுமே. எல்லாவற்றையும் தள்ளச் சொன்னால், கோடு வழுவழுப்பாகி, நெகிழிக் குழாய்போல உயிரற்றுப் போகும். எல்லாவற்றையும் கொள்ளச் சொன்னால், ஒரு கோட்டுக்கே ஆயிரக்கணக்கான கணுப்புள்ளிகள் பெருகி, கோப்புப் பாரமாகிக் கணினி தள்ளாடும். 2010ஆம் ஆண்டில் இலஸ்ட்ரேற்றர் மயிர்த்தூரிகை ஒன்றை அறிமுகஞ் செய்தது. ஒவ்வொரு மயிரின் சுவட்டையும் ஒளிபுகும் காவி வடிவங்களாகவே அடுக்கிக் காட்டும் அருமையான கருவி அது. ஆனால், அத்தகைய இழுப்புகள் ஓர் ஓவியத்தில் முப்பதைத் தாண்டினால், சேமிக்கவும் அச்சிடவும் முனையும்போது அம்மென்பொருளே எச்சரிக்கை விடுக்கின்றது. உண்மைக்கு மிக அருகே செல்வதற்குரிய விலை இது.

நீர்வண்ணத்திலோ சிக்கல் இன்னும் பெரிது. அங்கே கரை என்பதே தெளிவாக இல்லை. வண்ணம் தாளிற் கரைந்து மறைகின்றது. அதற்கு வல்லோர் கையாளும் வழி ஒன்றுண்டு. கருமை, இடைநிறம், மென்னிறம் என மூன்று நான்கு தரமாகப் படத்தைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வளையியாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். வண்ணத்தின் தொடர்ச்சி படிகளாகக் குறைந்தாலும், அதன் சாயல் நின்றுவிடும்.

ஆகவே, ஒரே பொத்தானை அழுத்தினால் ஓவியம் விரிந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. பொத்தானை அழுத்துமுன், 'இக்கோட்டில் எது போனால் இது என் கோடு அன்று?' என்று தன்னைத்தானே வினவிக்கொள்பவரே இவ்வித்தையில் வெல்கின்றார்.

செய்யும் முறை

மாணவர்க்கு உதவும்பொருட்டு வழிமுறையைச் சுருக்கிச் சொல்வோம். கோட்டினைப் பெரிதாகவே எழுதுக. நீளம் 2500 படப்புள்ளிக்குக் குறையாதிருத்தல் நலம். வெள்ளைப் பின்னணியில் கருமையாலேயே எழுதுக. வண்ணம் பின்னர் ஏற்றலாம். சாம்பல்நிறப் படலத்தை ஒளி, இருள் அளவுகளைத் திருத்தி அகற்றுக. அதன்பின் வளையியாக்கி, வெண்பகுதியை நீக்கி, வேண்டாத கணுப்புள்ளிகளைக் கையாலேயே குறைத்துக்கொள்க. ஓரத்தின் நடுக்கத்தை முற்றாகச் சீவிவிடுதல் கூடாது. கையின் அடையாளம் அதிலேதான் இருக்கின்றது.

இவ்வாறு கிடைத்த வடிவத்தை மீண்டும் தூரிகையாக்கலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. இலஸ்ட்ரேற்றரில் ஓவியத் தூரிகையாகவோ, இங்க்ஸ்கேப்பில் பாதைவழி வடிவமாகவோ அதனைப் பதிந்துவைத்தால், நாம் வரையும் எந்த மெல்லிய கோட்டின்மீதும் அவ்வடிவம் துணிபோலப் போர்த்திக்கொள்ளும். கோட்டை வளைத்தால் அதுவும் வளையும்; கோட்டைத் திருத்தினால் அதுவும் திருந்தும். எழுதிய பின்னும் திருத்தக்கூடிய தூரிகை இழுப்பு என்பது மைக்கும் தாளுக்கும் இல்லாத வரம்.

ஆயினும், ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு சாண் நீளக் கோட்டிலிருந்து எடுத்த வடிவத்தை ஐந்து முழக் கோட்டின்மீது இழுத்தால், அதன் கீற்றுகள் மிட்டாயிழைபோல நீண்டு பொய்யாகத் தோன்றும். குறுங்கோட்டில் திணித்தால் நசுங்கும். குறிலுக்கொன்று, இடைநீளத்துக்கொன்று, நெடிலுக்கொன்று என மூன்று தூரிகைகளை ஆக்கிவைப்போர் இவ்விடர்ப்படார். அன்றியும், ஒரே தூரிகையால் எழுதிய பத்துக் கோடுகளிலும் அதே துளி அதே இடத்தில் தெறித்திருந்தால், பார்ப்பவர் கண் உடனே பொறியைக் கண்டுகொள்ளும். உயிருள்ள கை ஒரே தவற்றை ஒரே இடத்திற் பத்து முறை செய்வதில்லை.

கல்லில் நின்ற தூரிகை

இது கணினியோடு பிறந்த சிக்கல் என்று எண்ணவேண்டா. றோமாபுரியிலே திரயான் பேரரசன் பெயரால் கி.பி. 113இல் எழுந்த தூணின் அடிப்பீடத்தில் பொறித்துள்ள எழுத்துகள் உலகப் புகழ்பெற்றவை. அவ்வெழுத்துகளின் கால்முனைகளிற் சிறு குறுக்குக் கோடுகள் உள்ளன. சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் உள்ளன. அவை உளியின் வேலையென்றே பலர் நெடுங்காலம் கருதினர். எட்வேர்ட் கற்றிச் என்னும் அமெரிக்கப் பாதிரியார் இளமையில் விளம்பரப் பலகை எழுதிப் பழகியவர். அவர் அக்கல்வெட்டை நேரில் அளந்து ஆராய்ந்து, கல்லில் முதலிற் தட்டைத் தூரிகையால் எழுதி, அதன் வழியே பின்னர் உளி சென்றது என்று 1968ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே நிறுவ முயன்றார். தடிப்பும் மெலிவும், கால்முனைக் கோடும் தூரிகையைத் திருப்பி எடுக்கும் கையசைவின் சுவடுகள் என்பது அவர் கொள்கை. எழுத்தியல் வல்லோர் பலர் அதனை ஏற்றனர். 1989ஆம் ஆண்டில் கறல் டுவொம்ப்ளி என்னும் பெண்மணி அவ்வெழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு, திரயான் என்ற பெயரிலேயே அடோபி நிறுவனத்துக்காகக் கணினி எழுத்துரு அமைத்தார். இன்று திரைப்படச் சுவரொட்டிகளில் அது உலகெங்கும் காட்சி தருகின்றது.

கற்றிச்சின் கொள்கைப்படி பார்த்தால், தூரிகையைக் கரைக்கோடாக்கிய முதற்பணியைச் செய்தவன் அக்கற்றச்சன். வண்ணத்தின் ஈரத்தை அவன் விட்டான்; மயிரின் கீற்றையும் விட்டான். தூரிகை திரும்பிய கோணத்தை மட்டும் விடவில்லை. அவன் கொண்டதும் தள்ளியதும் சரியாக அமைந்தமையாலேயே, பெயரறியா ஓர் எழுத்தோவியனின் கையசைவு ஏறக்குறைய 1900 ஆண்டுகளைக் கடந்து இன்றும் நம் கண்முன் நிற்கின்றது.

நமக்கு அணித்தான எடுத்துக்காட்டும் உண்டு. இந்திய நகரங்களின் கடைப் பலகைகளைத் தூரிகையால் எழுதிவந்த ஓவியர்கள், அச்சிட்ட நெகிழிப் பதாகைகள் பெருகியதால் தொழிலிழந்துவந்தனர். 2024ஆம் ஆண்டில் மறைந்த ஹனீப் குரேஷி என்னும் கலைஞர், அவ்வோவியர்களைத் தேடிச் சென்று, அவர்கள் கையால் எழுத்துகளை எழுதுவித்து, அவற்றை எழுத்துருக்களாக்கினார். 'பெயின்டர் உமேஷ்', 'பெயின்டர் கபீல்' என அவ்வெழுத்துருக்கள் எழுதியவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. எந்தப் பதாகை அவர்களின் பிழைப்பைப் பறித்ததோ, அந்தப் பதாகையிலும் இனி அவர்களின் கை ஏறமுடியும். தொழில் முழுவதையும் இது மீட்டுவிடாது; ஆயினும், கையின் சுவடாவது அழியாது.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

இன்று இணையத்திலே ஆயத்தத் தூரிகைகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதிற் குற்றமில்லை. ஆக்கியோர் விதித்த உரிமை நிபந்தனைகளை வாசித்து நடந்தாற் போதும். ஆனால், எல்லோரும் அதே சில தூரிகைகளை எடுத்தால், எல்லோர் எழுத்தும் ஒரே கையெழுத்தாகிவிடும். நம் பிள்ளைகளின் கைகள் அவ்வாறு ஒன்றாகிவிடுதல் பேரிழப்பன்றோ?

ஆதலின், விடுமுறை நாளொன்றிலே வீட்டில் இதனைச் செய்து பார்க்கலாம். பழைய தூரிகை ஒன்று, கருமை ஒரு குப்பி, வெள்ளைத் தாள் சில. தென்னம்பாளை நாரின் நுனியைத் தட்டி நைத்தாலும் தூரிகையாகும். மனம்போல இருபது கோடுகள் இழுத்து, உலர்ந்தபின் நல்ல வெளிச்சத்திற் படம்பிடித்து, மேற்சொன்ன முறையிலே வளையியாக்குக. இருபதில் மூன்று தேறினாலும் இலாபமே. அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு எழுதும் சின்னம் அம்மூன்றினால் ஆகட்டும். பதாகை பத்தடியானாலும் நூறடியானாலும், அருகே சென்று பார்ப்பவர் அங்கே ஒரு பிள்ளையின் கைநடுக்கத்தைத் தெளிவாகக் காண்பார். அது குறையன்று, எழுதியது யார் என்பதற்குச் சான்று.